சுவாமிமலைப் பட்டறையில் சொல்லிச் செய்த பத்ரகாளி: ஒரு வருஷம் கூடவே இருந்து பார்த்த பிறகு

போன ஆடி மாதம் எங்கள் பூஜை அறைக்கு ஒரு பத்ரகாளி வந்தாள். சுவாமிமலையில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கிய ஐம்பொன் சிலை. பீடத்தோடு சேர்த்து ஒன்பது அங்குலம், எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, விலை 24,000 ரூபாய். வாங்கின மறுநாளே எழுதியிருந்தால் பளபளப்பைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். தினமும் விளக்கேற்றி, வெள்ளிக்கிழமை அபிஷேகம் செய்து, துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எழுதவேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அவசரமாகக் கேட்பவர்களுக்கு: சிலை அருமை, முகம் அற்புதம், சொன்ன தேதிக்கு வரவில்லை, சூலம் பொருந்துகிற இடத்தில் ஒரு குறை இருக்கிறது. காத்திருக்கப் பொறுமை இருந்தால் இப்படிச் செய்து வாங்குங்கள். நேரம் இருப்பவர்கள் மேலே படியுங்கள். உக்கிர தெய்வத்தின் சிலையை எடை, பளபளப்பு, விலை என்று மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவோம். நான் ஏமாந்திருக்கிறேன்.

அந்தக் கதையை முதலில் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆன்லைனில் ஒரு பித்தளைக் காளி வாங்கினேன். நாலு கை, தலைமாலை, வெளியே நீட்டிய நாக்கு, காலடியில் சிவன், வங்காளத்தில் தட்சிணகாளி என்று கும்பிடுகிற வடிவம். படத்தில் நன்றாகத்தான் இருந்தது. பெட்டியைப் பிரித்ததும் மனசு ஒப்பவில்லை, ஆனால் என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை. முகம் பயமாக இருந்தது. சரி, காளி என்றால் பயமாகத்தானே இருப்பாள் என்று எடுத்து வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து ஒருநாள் துடைக்கும்போதுதான் கைகளைக் கவனித்தேன். அந்த வடிவத்தில் இடது பக்கத்து இரண்டு கைகளில் வாளும் வெட்டுண்ட தலையும் இருக்கும், வலது பக்கம் மேல்கை அபயம், கீழ்க்கை வரதம். பயப்படாதே என்று ஒரு கை, கேள் தருகிறேன் என்று ஒரு கை. வெட்டுகிற பக்கமும் கொடுக்கிற பக்கமும் சரிபாதி. நான் வாங்கினதில் நாலு கையிலும் ஆயுதம், அபயக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு கத்தி. பயங்கரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் காளி வந்துவிடுவாள் என்று செய்தவர் நினைத்துவிட்டார் போல. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதினேன், மாற்றுச் சிலை அனுப்புகிறோம் என்றார்கள், அது இன்றுவரை வரவில்லை.

நான் திருச்சிக்காரி. உறையூர் வெக்காளியம்மன்தான் எனக்கு எல்லாம். அந்தக் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அம்மன் தலைக்கு மேலே கூரை கிடையாது, வெயிலும் மழையும் நேராக அவள் மேல்தான். மண்மாரி பொழிந்து உறையூரே மூடிப்போனபோது வீடிழந்து நின்ற சனங்கள் அவளிடம் ஓடினார்கள், கடைசி ஆளுக்கும் வீடு கிடைக்கிறவரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அவள் வெட்டவெளியில் உட்கார்ந்துவிட்டாள், இது தலபுராணம். வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிற போர்த்தெய்வம், கைகளில் சூலம், பாசம், உடுக்கை, கபாலம். அப்படிப்பட்டவளிடம் நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், ஒரு சீட்டில் நம் குறையை எழுதி அந்தச் சன்னதியில் இருக்கும் சூலத்தில் கட்டிவிட்டு வருகிறோம். பத்தாவது பரீட்சைக்கு எழுதிக் கட்டியிருக்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எழுத வார்த்தை வராமல் வெறும் "அப்பா" என்று மட்டும் எழுதிக் கட்டியிருக்கிறேன். சூலம் குத்துகிற ஆயுதமாச்சே, அதில் போய் ஏன் நம் கஷ்டத்தைக் கட்டுகிறோம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. இந்தச் சிலை வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

போன வருஷம் தை மாதம் நானும் வீட்டுக்காரரும் சுவாமிமலைக்குப் போனோம். முருகன் கோயிலில் அறுபது படி ஏறி இறங்கிவிட்டு, சுற்றியிருக்கும் தெருக்களில் பட்டறை பட்டறையாக நுழைந்தோம். சிலை வார்ப்புக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர், வாசலுக்கு வாசல் நடராஜர் நிற்கிறார். ஒரு இடத்தில் "காளியா, ரெடியா இருக்கு, எந்த சைஸ்?" என்று மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்கள், மூன்றுக்கும் ஒரே முகம். இன்னொரு இடத்தில் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள், ஆனால் பீடத்தில் அரம் போட்ட கோடுகள்கூட மறையவில்லை. நாலாவதாக நுழைந்த பட்டறையில் பெரியவர் ஒருவர் மெழுகில் ஒரு கை செய்துகொண்டிருந்தார். விரல் ஒவ்வொன்றையும் சின்ன இரும்புக் கம்பியைச் சூடுபண்ணித் தொட்டுத் தொட்டு வளைத்துக்கொண்டிருந்தார், நாங்கள் வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

காளி வேண்டும் என்றதும் நிமிர்ந்து, "எந்தக் காளிம்மா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. "நின்ன கோலமா, உக்காந்த கோலமா? தாருகனை அழிக்கும்போது இருந்தவளா, அழிச்சதுக்கு அப்புறம் இருந்தவளா?" என்று அவரே தொடர்ந்தார். வெக்காளி மாதிரி ஐயா என்றேன். "அப்படிச் சொல்லுங்கம்மா, உங்க ஊர் அம்மாவா" என்று சொல்லிவிட்டு மெழுகுக் கையைக் கீழே வைத்தார். அந்த ஒரு கேள்விக்காகவே அங்கே முன்பணம் கொடுத்தோம் என்று சொல்லலாம்.

ஏனென்றால் அந்தக் கேள்விக்குள்தான் விஷயம் இருக்கிறது. தாருகனைக் காளி அழித்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் அதிகம் சொல்வதில்லை. அசுரன் செத்த பிறகும் அவள் கோபம் அடங்கவில்லை, உலகம் நடுங்குகிறது. அப்போது சிவன் சண்டைக்குப் போகவில்லை. சுடுகாட்டில் ஒரு குழந்தையாகக் கிடந்து அழுகிறான். அழுகைச் சத்தம் கேட்டதும் அவள் ஓடிப்போய்த் தூக்கிப் பால் கொடுக்கிறாள், அவன் பாலோடு சேர்த்து அவள் கோபத்தையும் குடித்துவிடுகிறான். இது லிங்க புராணக் கதை. யோசித்துப் பாருங்கள், அத்தனை உக்கிரத்தின் நடுவிலும் ஒரு குழந்தை அழுதால் அவளுக்குக் கேட்கிறது. நரசிம்மர் கதையிலும் இதேதான். இரணியனைக் கிழித்த பிறகு மகாலட்சுமியே கிட்டப்போகத் தயங்கினாள், பிரகலாதன் மட்டும் நேராகப் போய்க் காலில் விழுந்தான். சிங்கம் யானையோடு சண்டை போடும்போதும் தன் குட்டிக்குப் பால் கொடுப்பதை நிறுத்தாது என்று வைணவப் பெரியவர்கள் உவமை சொல்வார்கள். குட்டிக்கு அந்தக் கர்ஜனை தாலாட்டு மாதிரி.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்னங்கீற்று ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதையே மடித்து மடித்துத் தாள அளவு, அதாவது சிலையின் உறுப்புகளுக்கான விகிதக் கணக்கு, பிரித்தார், ஸ்கேல் எடுக்கவே இல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சின மெழுகில் உருவம் முழுசாக வரும். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் மணல் கலந்து இன்னும் சில பூச்சு, கம்பி கட்டி, வறட்டி அடுக்கிச் சூடுகாட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். ஆறினதும் மண்ணை உடைத்தால்தான் சிலை, அதனால் அந்த அச்சில் இன்னொரு சிலை வராது. அப்புறம் உளி வேலை. அதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். முன்பணம் 10,000, இரண்டு மாதத்தில் தருவதாகச் சொன்னார்கள்.

இரண்டு மாதம் ஐந்தரை மாதம் ஆனது. இதை மறைக்க எனக்கு மனசில்லை. பங்குனியில் போன் செய்தால் வார்ப்பு சரியாக விழவில்லை, முதலிலிருந்து செய்கிறோம் என்றார்கள். வைகாசியில் போன் செய்தால் நுணுக்க வேலை நடக்கிறது என்றார்கள். ஆனியில் இரண்டு வாரம் போனே எடுக்கவில்லை. நான் விசேஷத்துக்காக வாங்கவில்லை, அதனால் பொறுத்துக்கொண்டேன். கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் என்று தேதி குறித்து வாங்குபவர்கள் குறைந்தது அரை வருஷம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், நடுவில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

ஆடி பிறந்த முதல் வாரம் எடுக்கப் போனோம். கண் திறக்காமல் வைத்திருந்தார்கள். தங்க உளியால் அவர் கண்ணைத் திறந்த அந்தக் கொஞ்ச நேரம் பட்டறையில் யாரும் பேசவில்லை. முடிந்ததும் மேசைமேல் வைத்தார். எனக்கு முதலில் தெரிந்தது கோரைப்பற்கள், விரிந்த மூக்குத் துவாரங்கள், உருண்ட கண்கள், தலைக்குப் பின்னால் சுற்றி எழுகிற தீக்கொழுந்துகள். உள்ளே சுருக்கென்றது, பழையபடி பயங்கரத்தைத்தான் வாங்கியிருக்கிறோமோ என்று. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நின்னு பாத்தா அப்படித்தான்மா இருக்கும், கீழ உக்காந்து பாருங்க" என்றார்.

மண் தரையில் உட்கார்ந்தேன். மேசை விளிம்புக்கு மேலே அவள் முகம் தெரிந்தது. உதட்டு ஓரம் இரண்டு பக்கமும் மேலே போயிருக்கிறது. கோரைப்பல் இருக்கிறது, ஆனால் அதன் நுனி கீழுதட்டைக் குத்தவில்லை, மேலே படிந்து நிற்கிறது. நின்றால் முறைப்பதாகத் தெரிந்த கண், கீழிருந்து பார்க்கும்போது இமை கொஞ்சம் இறங்கி நம்மைப் பார்க்கிறது. சிரிக்கிறாள். ஒரே முகம்தான், பார்க்கிற இடம்தான் மாறியிருக்கிறது. "எதிர்த்து நிக்கிறவனுக்கு ஒரு முகம், காலடியில உக்காந்தவனுக்கு ஒரு முகம், ரெண்டும் மெழுகுலயே வந்துடணும்மா, அப்புறம் உளியில கொண்டு வர முடியாது" என்றார். நான் கேட்டதில் சிற்ப சாஸ்திரத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. வீட்டில் எங்கள் எட்டு வயசுப் பையன் எடுத்த எடுப்பிலேயே "அம்மா, சாமி சிரிக்குது" என்றான். அவன் உயரத்துக்கு அவள் எப்போதுமே சிரிக்கிறாள்.

சைவ சித்தாந்தத்தில் மறக்கருணை என்று ஒரு சொல் இருக்கிறது. அன்பாகச் சொல்லித் திருத்துவது அறக்கருணை, அடித்துத் திருத்துவது மறக்கருணை. இரண்டும் கருணைதான், ஒரே தாய் இரண்டும் செய்கிறாள். சூரபதுமன் மேல் முருகன் விட்ட வேல் அவனைப் பிளந்தது, ஆனால் பிளந்த பாதி மயில், பிளந்த பாதி சேவல், ஒன்று வாகனம், ஒன்று கொடி. எதிரியை எங்கே வைத்திருக்கிறான் பாருங்கள், தன் காலடியிலும் தன் கையிலும். உக்கிர தெய்வங்களை எல்லாம் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பார்த்தால் புரியும் என்பது என் நம்பிக்கை. என் சிலையையும் அந்தச் சொல்லை வைத்துத்தான் எடைபோட்டேன்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது காலடியில் கிடக்கிற அசுரன். அம்மன் ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், தொங்கின காலின் பாதம் அவன் தலைமேல். அந்தத் தலை என் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். கடையில் பார்த்த சிலைகளில் அசுரன் வாய் பிளந்து அலறுகிறான், அல்லது வெறும் உருண்டையாக இருக்கிறான். இதில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், மீசை இருக்கிறது, கண் மூடியிருக்கிறது, முகத்தில் வலி இல்லை. தூங்கிப்போன பிள்ளை மாதிரி. அவள் பாதம் பட்டு அவனுக்கு முடிந்துபோனது எது என்று யோசித்தால், உயிர் இல்லை, அவனுடைய "நான்" என்கிற ஆணவம். பெரிய பெரிய தவம் செய்தவர்களுக்குக் கிடைக்காத திருவடி அவன் தலைமேல் இருக்கிறது. நகம் அளவு முகத்தில் இதைக் காட்டியிருக்கிற கைக்கு 24,000 ரூபாய் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து காதுகள். இரண்டு காதிலும் ஒரே குண்டலம் இல்லை. இடது காதில் தோடு, வலது காதில் ஒரு சின்ன உடல் தொங்குகிறது, பிரேத குண்டலம் என்பார்கள். அத்தைக்கு அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது, பூஜை அறையில் பிணமா என்று. எனக்கும் முதலில் உறுத்தத்தான் செய்தது. திருவக்கரைக் கதையைச் சொன்ன பிறகுதான் அத்தை சமாதானமானார்கள். விழுப்புரம் மாவட்டத்தில், கல்மரங்கள், அதாவது கல்லாகிப்போன மரங்கள், கிடக்கிற ஊர் அது. அங்கே வக்கிரகாளி. வக்கிராசுரனின் தங்கை துன்முகியைக் காளி அழிக்கப் போகும்போது துன்முகி கர்ப்பமாக இருக்கிறாள். வயிற்றில் இருக்கிற சிசுவைக் கொல்வது தர்மம் இல்லை. எவ்வளவு ஆவேசத்தில் இருந்தாலும் அந்தக் கணக்கு காளிக்குத் தவறவில்லை, சிசுவை வெளியே எடுத்துத் தன் காதில் குண்டலமாக அணிந்துகொண்டு அப்புறம்தான் அவளை வதைத்தாள். எதிரியின் பிள்ளை, அவளுடைய காதோரம் போய்ச் சேர்ந்தது. காதில் இருப்பது நாம் சொல்வதை எல்லாம் முதலில் கேட்கிற இடத்தில் இருப்பது என்று நானாக ஒன்று நினைத்துக்கொள்வேன்.

காதணி என்றதும் திருவானைக்காவல் ஞாபகம் வருகிறது, எங்களுக்கு ஆற்றைத் தாண்டினால் போதும். அகிலாண்டேஸ்வரி ஒருகாலத்தில் யாரும் கிட்டப்போக முடியாத உக்கிரத்தில் இருந்தாள், ஆதிசங்கரர் ஸ்ரீசக்கரம் பொறித்த தாடங்கங்களை அணிவித்து, எதிரே பிள்ளையாரையும் வைத்துச் சாந்தமாக்கினார் என்று சொல்வார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே எந்த அம்மா கோபத்தில் இருப்பாள். சிதம்பரத்தில் தில்லைக்காளி ஊருக்கு வடக்கே இருக்கிறாள், அங்கே ஒரே கோயிலில் இரண்டு சன்னதி. ஒன்றில் உக்கிரமாகக் காளி, இன்னொன்றில் நாலு முகத்தோடு சாந்தமாகப் பிரம்ம சாமுண்டீஸ்வரி, இரண்டு பேரும் ஒருத்தியே. அங்கே போகிறவர்கள் இரண்டு சன்னதியிலும் நின்றுவிட்டு வாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

கைகளைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. உடுக்கை ஒலி, உலகம் பிறக்கிற சத்தம். பாசம் கட்டுகிற கயிறு, அவள் கட்டினால்தான் அவளே அவிழ்க்க முடியும். சூலத்தின் மூன்று முனைக்கு ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களை அறுப்பது என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். கோயில் சூலத்தில் சீட்டுக் கட்டுவதன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் பிடிபட்டது. அந்த முனை நம்மைக் குத்துவதற்கு இல்லை, நம்மைப் பிடித்திருக்கிறதைக் குத்துவதற்கு. அதனால்தான் எது நம்மைப் பிடித்திருக்கிறதோ அதை எழுதி அங்கே கொண்டுபோய்க் கட்டுகிறோம். கபாலம் மட்டும் கொஞ்சம் விசேஷமாக வந்திருக்கிறது. சில சிலைகளில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி செய்துவிடுகிறார்கள், இதில் உள்ளே நன்றாகக் குழிந்து, வாங்கிக்கொள்ளத் தயாராக மேலே பார்த்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அபிஷேகத்தில் அதில் ஒரு சொட்டுப் பால் தங்கி நிற்கும். காலியான மண்டையோட்டில்தான் பால் நிற்கும் என்பதை எனக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

இப்போது எல்லாரும் கேட்கிற கேள்வி. உக்கிர தெய்வத்தை வீட்டில் வைக்கலாமா? அத்தைக்கும் அதே பயம்தான். "ஏம்மா, காளியை வீட்டுக்குள்ள வெச்சா வீட்ல சண்டை வரும்னு சொல்லுவாங்களே, கோயில்ல போய்க் கும்பிட்டா ஆகாதா?" என்று சிலை வருவதற்கு முந்தின ராத்திரி வரை கேட்டார்கள். நான் அவர்களோடு வாதம் செய்யவில்லை. அவர்கள் பயத்தில் ஒரு மரியாதை இருக்கிறது, கொண்டுவந்து வைத்துவிட்டுக் கவனிக்காமல் போகக்கூடாது என்கிற மரியாதை. அது சரிதான், ஷோகேஸில் பொம்மையாக வைக்க நினைப்பவர்கள் இதை வாங்காதீர்கள். தினமும் ஒரு விளக்கு, ஒரு பூ, ஒரு வாழைப்பழம் வைக்க முடியும் என்றால் வாங்குங்கள். ஆனால் காளி கேடு செய்வாள் என்கிற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியாது. நம் ஊர்களில் காளியும் மாரியும் அங்காளியும் பாதி வீடுகளுக்குக் குலதெய்வம். பிள்ளைக்கு முதல் மொட்டை அவள் முன்னால்தான், முதல் பத்திரிகை அவளுக்குத்தான். நம்மை வளர்த்தவளைப் பார்த்தே நம் வீட்டுக்குள் வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நியாயம் கேட்டுக் கண்ணகி மதுரை அரண்மனை வாசலில் வந்து நின்றபோது வாயிற்காவலன் இவள் கொற்றவையும் இல்லை, காளியும் இல்லை என்று அவர்கள் பெயரைச் சொல்லித்தானே நடுங்கினான். நியாயம் கேட்கிற கோபத்துக்குத் தமிழில் அவள் முகம்தான் இருக்கிறது. பயப்படவேண்டியது அநியாயம் செய்தவன்.

அத்தை மூன்று மாதம் சிலைப் பக்கம் வரவில்லை. ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. சாயந்திரம் யாரோ விளக்கு ஏற்றுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அத்தை, முட்டிவலியோடு தரையில் உட்கார்ந்து, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வெள்ளிக்கிழமை எலுமிச்சை மாலை கோப்பது அவர்கள் வேலை, என்னைத் தொடவிடமாட்டார்கள்.

சரி, குறைகள். சூலம் தனியாகச் செய்து கையில் செருகுகிற மாதிரி கொடுத்திருக்கிறார்கள், அபிஷேகத்துக்கு எடுத்துவிட்டு வைக்க வசதிதான். ஆனால் துளை ஒரு நூல் பெரிசாகிவிட்டது, சூலம் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. கொஞ்ச நாள் துணி நூல் சுற்றி நிற்க வைத்தேன், பார்க்க நன்றாக இல்லை. பீடத்தின் பின்பக்கம் தாமரை இதழ்களில் ஒன்றிரண்டு முன்பக்கம் அளவுக்குச் செதுக்கப்படவில்லை, சுவரோரம் வைப்பதால் தெரியாது என்று விட்டிருக்கிறார்கள் போல. இந்த விலைக்கு அதையும் முடித்துக் கொடுத்திருக்கவேண்டும். சிலையைச் சுற்றி வளைவாக நிற்கிற திருவாசி தனி விலை என்பதைக் கடைசியில்தான் சொன்னார்கள், அது இல்லாமலே எடுத்துக்கொண்டேன். பேக்கிங் வெறும் வைக்கோலும் செய்தித்தாளும்தான், காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததால் தப்பித்தது. பார்சல் சர்வீஸில் அனுப்பச் சொல்கிறவர்கள் மரப்பெட்டி கேட்டு வாங்குங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. பூந்திக்கொட்டை ஊறின தண்ணீரில் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்துவிடுவேன். தீக்கொழுந்து முடிக்கும் காதுக்கும் நடுவில் குங்குமமும் பாலும் போய் அடைந்துகொள்ளும், அதற்கு மெல்லிசான பல் பிரஷ் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். கடையில் விற்கிற பளபளப்புப் பொடிகள் போடவேண்டாம், உளி வேலை மழுங்கிவிடும் என்று பெரியவர் சொல்லியிருந்தார், போடவில்லை. முதல் மூன்று மாதம் இருந்த தங்க நிறம் போய் இப்போது ஒரு தேன் நிறம் வந்திருக்கிறது, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. முக்கியமாக ஒன்று, உயரமான அலமாரியில் வைக்காதீர்கள், ரொம்பக் கீழேயும் வேண்டாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அவள் முகம் உங்கள் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கவேண்டும். நாங்கள் அதற்காகவே ஆசாரியிடம் சொல்லி ஒரு மரப்பீடம் செய்தோம், ஒன்றரை அடி.

சூலத்தின் விஷயத்தைப் போன வாரம் போன் செய்து சொன்னேன். இந்த முறை முதல் ரிங்கிலேயே எடுத்தார். "அம்மாவைத் தூக்கிட்டு வரவேண்டாம், சூலத்தை மட்டும் கொண்டு வாங்க, கையோட அளவு எங்கிட்ட இருக்கு" என்றார், பழைய தென்னங்கீற்றை இன்னும் வைத்திருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம், ஆடி வெள்ளிக்கு முன்னால் சரிபண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை வெறுங்கையோடுதான் உட்கார்ந்திருக்கிறாள், பையன் அந்தக் கையில் தினமும் ஒரு செவ்வரளியைச் செருகிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான்.